சிவப்பு வட்டமா, முக்கோணமா: ஒரு காது போனபோது அலைந்த கணக்கு

காலையில் எழும்போது ஒரு காது அடைத்துக்கொண்டு உள்ளே 'ஙொய்' என்று இரைந்தால் சொட்டு மருந்து வாங்க ஓடாதீர்கள். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். சத்தம் அடைத்த காதுப் பக்கம் கேட்டால் பெரும்பாலும் அழுக்கு அல்லது சளி. நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் நரம்பு என்று சந்தேகப்பட வேண்டும். இ.என்.டி. டாக்டர் 512 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கை (தட்டினால் ஒலிக்கும் இரும்புக் கவை) நெற்றியில் வைப்பதும் இதற்குத்தான். நரம்பு என்றால் ஸ்டீராய்டு. முதல் 2 வாரத்தில் தொடங்கினால்தான் பலன் அதிகம். அதன் பிறகு செவிப்பறை வழியாக ஊசி போட்டுப் பார்ப்பார்கள், அதுவும் சுமார் 6 வாரத்துக்குள். அந்த 2 வாரத்தில் 9 நாளை அழுக்கு கரைக்கும் சொட்டுக்குத் தாரை வார்த்தேன். டார்ச் அடித்துக்கூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்த சீட்டு அது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சர்க்கரை, பிரஷர் இருந்தால் ஸ்டீராய்டு எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள், தட்டிக்கழிக்க வேண்டாம்.

பெரிய சறுக்கல் ஆடியோகிராமில், அதாவது எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று காட்டும் சோதனைத் தாளில். எண் ஏறினால் காது மந்தம். முதல் ரிப்போர்ட்டில் வலது காது காற்று வழி 55 டெசிபல், எலும்பு வழி 10. 'நரம்பு நன்றாக இருக்கிறது, நடுக்காதில்தான் கோளாறு, ஆபரேஷன் செய்யலாம்' என்றார்கள். உண்மையில் அந்தக் காது செத்துப்போயிருந்தது; சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்ன பட்டனை அழுத்த வைத்தது இடது காது. ஹெட்போனில் வரும் சத்தம் 40 டெசிபலைத் தாண்டினாலே மண்டை எலும்பு வழியாக மறுபக்கம் கசியலாம். காதுக்குப் பின்னால் வைக்கும் எலும்பு வழிக் கருவிக்கோ தடையே கிடையாது, இரண்டு காதுக்கும் ஒன்றாகப் போகும். அதனால் நல்ல காதில் இரைச்சல் கொடுத்து அதை மறைத்துவிட்டுத்தான் கெட்ட காதைச் சோதிக்க வேண்டும். இதுதான் மாஸ்கிங். முதலில் எடுத்த இடத்தில் அதைச் செய்யவில்லை, மேலே ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

சேலம் போய் மறுபடி எடுத்தபோது அதே காது 110 டெசிபலிலும் பதில் சொல்லவில்லை. பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போனது போகட்டும், ஆபரேஷன் மேஜைக்குப் போகாமல் தப்பித்தது பெரிய விஷயம். வாங்கும்போதே தாளைப் பாருங்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம் மட்டும் இருந்தால் மாஸ்கிங் இல்லாமல் எடுத்தது. முக்கோணம் என்றால் மாஸ்கிங்கோடு. இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி, மாஸ்கிங் செய்தால் சதுரம். இரண்டு காதுக்கும் 40 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்து முக்கோணமோ சதுரமோ இல்லையென்றால் கையெழுத்து வாங்காமல் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு அலைய வேண்டாம். நல்ல காதின் கேளாமைச் சதவீதத்தை 5-ஆல் பெருக்கி, கெட்ட காதின் சதவீதத்தைக் கூட்டி, 6-ஆல் வகுப்பார்கள். ஒன்று 0, மற்றது 100 என்றால் சுமார் 17. சலுகைக்கு 40 சதவீதம் வேண்டும். முதல் தடவை 'ஒரிஜினல் இல்லை' என்று திருப்பி அனுப்பிய எழுத்தர் இந்தக் கணக்கை அன்றே சொல்லியிருக்கலாம். இரண்டாவது தடவை சொன்னார்.

'மூளை பழகிக்கும் சாமி' என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி நிஜம். வழக்கமாக ஒரு காதில் விழும் சத்தத்துக்கு மூளையின் எதிர்ப்பக்கம்தான் அதிகம் துடிக்கும். ஒரு காது போனபின், பெரியவர்களுக்கும்கூட, மிச்சக் காதின் சத்தத்துக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வேலை செய்யத் தொடங்குகிறது. ஆனால் திசை வேறு கதை. சத்தம் ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு வரும் இடைவெளி அதிகபட்சம் ஒரு மில்லி செகண்டில் முக்கால் பங்குகூட இல்லை. அதையும், இரண்டு காதிலும் சத்தம் கூடக் குறையக் கேட்பதையும் வைத்துத்தான் மூளை பெரும்பாலும் திசை பிடிக்கிறது. ஒற்றைக் காதில் எதை எதோடு ஒப்பிடும்? மிஞ்சுவது காது மடலின் மடிப்புகள் கீச்சு ஒலியில் செய்யும் மாற்றமும், தலையைத் திருப்பும்போது சத்தம் ஏறி இறங்குவதும்தான். நல்ல காதிலும் வயதால் கீச்சு ஒலி குறைந்திருந்தால் பழக்கம் இன்னும் மெதுவாக வரும்.

தருமபுரி நாலு ரோட்டில் இது விளையாட்டல்ல. வலது பக்கம் வரும் பஸ்ஸின் ஹாரன் இடது பக்கம் கேட்கும். விலகினால் பஸ்ஸை நோக்கியே விலகுவீர்கள். ஹாரன் கேட்டால் கால் நிற்கட்டும், முதலில் கண் போகட்டும். வீட்டில் யாரையாவது மொபைலை ஒளித்துவைத்து நீளமாக ரிங் விடச் சொல்லி, தலையைத் திருப்பித் திருப்பித் தேடிப் பழகுங்கள். சட்டென முடியும் சத்தத்துக்கு இது உதவாது. விசில் அடித்தது நம் குக்கரா பக்கத்து வீட்டுக் குக்கரா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மொபைலில் மோனோ ஆடியோவை (இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து தரும் செட்டிங்) போட்டுவிடுங்கள். டீக்கடையில் கெட்ட காது சுவர்ப் பக்கம், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருக்கட்டும்.

கெட்ட காதுப் பக்கச் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் மிஷின் விற்பார்கள். கெட்ட காதுப் பக்கம் பேசுபவர் குரல் கேட்கும், ஆனால் திசை பிடிக்கும் திறன் திரும்பி வராது. அந்தப் பக்கம் இரைச்சல் என்றால் அதையும் சேர்த்து நல்ல காதில் கொட்டும். ஏசி ரூமில் போட்டுப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ஒரு வாரம் டிரையல் கேட்டு வாங்கி, சாயங்காலக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்று, கண்டக்டர் கூவும் ஊர்ப் பெயர் புரிகிறதா என்று பாருங்கள்.