சுழலும் தட்டில் வெந்தயம்

எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் கிளினோஸ்டாட் என்ற சுழற்றுக் கருவியைக் காட்டித் தவறாமல் கேட்பது, "இதுக்குள்ளே ஈர்ப்பு விசையே கிடையாதா?" என்றுதான். மேசை மேல் ஒரு சின்ன மோட்டார், படுக்கைவாக்கில் ஒரு தண்டு, அதன் முனையில் பெட்ரி தட்டு. அவ்வளவுதான் கருவி. பார்த்தவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரியும். ஈர்ப்பு விசை இருந்த இடத்திலேயே இருக்கிறது. எது கீழ் என்று செடிக்குத் தெரியாமல் செய்து, அதன் மருந்துச் சேர்மங்கள் மாறுகின்றனவா என்று பார்க்கிறோம், அதுவே எங்கள் வேலை.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் தாவரவியலர் யூலியஸ் ஃபான் சாக்ஸ் கையாண்ட உத்தி இது. வேர்முனை மூடியின் நடுச் செல்களில் ஸ்டார்ச் நிறைந்த மணிகள் உண்டு. அவை எந்தப் பக்கம் படிகின்றனவோ அதை ஒட்டித்தான் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பாய்கிறது, வேர் வளைகிறது. தட்டு நிமிடத்துக்கு 2 சுற்று போனால், மணிகள் படிவதற்குள் அந்தப் பக்கம் மேலே போய்விடும். இன்னும் வேகமாகச் சுற்றினால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கும் விதையின் மேல், 2 சுற்றில் விழும் மையவிலக்கு விசை புவியீர்ப்பில் பத்தாயிரத்தில் 2 பங்கு. வேகத்தை 5 மடங்காக்கினால் அந்த விசை 25 மடங்காகும்; செடி அதையே கீழ்த்திசை என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு எதைச் சோதிப்பது?

நாங்கள் எடுத்துக்கொண்டது வெந்தயம். சீக்கிரம் முளைக்கும், விலை குறைவு, மருந்தாகவும் நமக்குப் பழக்கம். 2025இல் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது வெந்தயமும் பாசிப்பயறும் அங்கே முளைவிட்டன. அதற்குப் பிறகு எங்கள் வேலையை வீட்டில் விளக்குவது சுலபமாகிவிட்டது.

சுற்றாத தட்டில் வேர்கள் எல்லாம் தூக்குக்குண்டு பிடித்தாற்போல நேராக இறங்கியிருக்கும். சுற்றிய தட்டில் ஒன்று இடப்பக்கம், ஒன்று மேல்நோக்கி, ஒன்று அகார் கூழை விட்டே வெளியே. இரவில் கரண்ட் போய் மோட்டார் நின்றிருந்தால் காலையில் யாரையும் விசாரிக்க வேண்டாம்; எல்லா வேரிலும் ஒரே திசையில் ஒரு முழங்கை மடிப்பு இருக்கும். தனி இன்வெர்ட்டர் வாங்கித் தந்தது அந்த மடிப்புதான். கோரிக்கைக் கடிதத்தைவிட அந்தத் தட்டு நன்றாகப் பேசியது.

முளைத்ததை அரைத்து, மெத்தனாலில் சாறு எடுத்து, ஃபோலின் கரைசலை விட்டால் நீலம் ஏறும். நீலம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு ஃபீனாலிக் சேர்மங்கள் (செடியின் தற்காப்புச் சேர்மங்களில் ஒரு வகை) என்பது கணக்கு. எங்கள் எம்.எஸ்சி. மாணவி சாறு இருந்த க்யூவெட் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்: "அக்கா, கூடியிருக்கு! மருத்துவக் குணம் கூடியிருக்குன்னு எழுதிடலாமா?"

நான் அவளிடம் கேட்டது, "ஒரு கிராமுக்கா, ஒரு நாற்றுக்கா?" என்றுதான். சுற்றிய நாற்று குட்டையாக நின்றிருந்தால், அதே அளவு சேர்மம் குறைந்த எடைக்குள் அடர்ந்து தெரியும். செடி எதையும் கூடுதலாகச் செய்திருக்காது, சுருங்கியிருக்கும். தவிர, ஃபோலினுக்கு ஃபீனாலிக்கும் வைட்டமின் சி-யும் ஒன்றுதான், இரண்டுக்கும் நீலம் காட்டும். சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் தனித்தனிச் சிகரமாகப் பார்க்காமல் இதில் வாய் திறக்கக் கூடாது என்பது என் கட்சி.

கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் தட்டு, இன்னொரு தலைவலி. மேசையில் சும்மா வைத்த தட்டு கன்ட்ரோல் ஆகாது. மோட்டாரின் அதிர்வும் சூடும் அதற்குக் கிடையாது. அதிர்வே செடிக்கு ஓர் உபாதை. உபாதை வந்தால் தற்காப்புச் சேர்மங்கள் கூடலாம். அதனால் அதே மாதிரி மோட்டாரில், அதே வேகத்தில், ஆனால் அச்சை நிமிர்த்தி வைத்து இன்னொரு தட்டைச் சுற்றுகிறோம். அங்கே சுழற்சி உண்டு, கீழ்த்திசையும் மாறாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே எங்களுக்குச் சொந்தம். இப்படியொரு கன்ட்ரோல் பற்றிய வரி இல்லாத ஆய்வுக்கட்டுரையைக் கண்டால் நான் முடிவுரை வரை போவதில்லை.

சேர்மம் கூடும் என்ற எதிர்பார்ப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1982இல் கொலம்பியா விண்கலத்தில் வளர்ந்த பாசிப்பயறு நாற்றுகளில், தண்டுக்கு உறுதி தரும் லிக்னின் குறைந்திருந்தது. உடல் பாரத்தைத் தாங்கத் தேவையில்லாத தண்டுக்கு லிக்னின் எதற்கு? லிக்னினும் பல ஃபீனாலிக் சேர்மங்களும் ஃபினைல்அலனின் என்ற ஒரே மூலத்திலிருந்து பிரிகின்றன. ஒன்று குறைந்தால் மற்றது ஏறக்கூடும். ஆனால் கிளினோஸ்டாட்டில் பாரம் போகவில்லை, திசைதான் மாறிக்கொண்டிருக்கிறது. விண்வெளியில் சூடான காற்று மேலே எழாது, தண்ணீர் வேரைச் சுற்றிப் படலமாக ஒட்டிக்கொண்டு மூச்சுமுட்ட வைக்கும். இதெல்லாம் எங்கள் மேசையில் நடப்பதில்லை. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு போன்ற மருந்துச் சேர்மங்கள் வேறு வழியில் உருவாகும் டெர்பீன்கள் என்பதால், வெந்தயத்தை வைத்து அதற்கு ஜோசியமும் சொல்ல முடியாது.

செவ்வாய்க்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 3 ஆண்டு ஆகும், பல மாத்திரைகள் அதற்குள் காலாவதியாகிவிடும், ஆகவே செடியைக் கொண்டுபோகலாம் என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன். அளவு நிலையில்லாத செடியை மருந்தாகக் கொடுக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார் என்பதையும் கூடவே எழுத வேண்டும். நித்தியகல்யாணியின் வின்கிரிஸ்டின் புற்றுநோய்க்கு மருந்து. அளவு மீறினால் நரம்பைக் கெடுக்கும்.

அடுத்தது நித்தியகல்யாணிதான். முழுச் செடியை எங்கள் தண்டு தாங்காது என்பதால் கேலஸ் (வேர், தண்டு என்று பிரியாத செல் திரள்) வளர்த்துச் சுற்றப் போகிறோம். கேலஸில் வின்கிரிஸ்டின் பொதுவாகக் கிடைப்பதே அரிது, எனவே அதன் முன்னோடிச் சேர்மங்களைத்தான் அளக்க முடியும். மாணவி இப்போதே இரண்டு மோட்டார் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள், ஒன்று நிமிர்த்தி வைக்க.