லீனியர் மோட்டார் ஸ்டேஜ் வாங்குகிறீர்களா? பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) போடும் முன் இதைப் படியுங்கள்

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் லேர்னிங் கன்ட்ரோலில் பி.எச்டி. செய்கிறேன். ஆராய்ச்சிக்கு வாங்கிய ஸ்டேஜில் (மோட்டார் நேர்கோட்டில் துல்லியமாக நகர்த்தும் மேடை) இருந்து ஒருவழியாக ஒழுங்கான கிராஃப் வந்துவிட்டது. இதே வழியில் வருகிறவர்கள் நான் பட்ட பாட்டைப் படக்கூடாது.

கொட்டேஷன், பர்ச்சேஸ் கமிட்டி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் வினை. மோட்டாரை ஓட்டும் டிரைவின் உள்லூப், அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் பகுதி, முழுக்கப் பூட்டிக் கிடந்தது. எங்கே போகவேண்டும் என்று சொல்லலாம். கரண்ட் கமாண்டோடு நம் சிக்னலைக் கூட்ட வழியில்லை. என் ஆராய்ச்சி முறையான ஐ.எல்.சி.க்கு (இட்டரேட்டிவ் லேர்னிங் கன்ட்ரோல்) உயிரே அதுதான். ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, போன ஓட்டத்தின் பிழையை வைத்து அடுத்த ஓட்டத்தின் ஃபீட்ஃபார்வர்டை (முன்கூட்டியே சேர்க்கும் சிக்னலை) திருத்தவேண்டும். 1984இல் அரிமோட்டோ குழுவினர் ரோபோக்களுக்குச் சொன்ன வழி இது. ரெஃபரன்ஸை, அதாவது எங்கே போகவேண்டும் என்ற கட்டளையை, மாற்றியும் செய்யலாம். ஆனால் இந்த டிரைவ் அதையும் தன் இஷ்டத்துக்கு மழுப்பிவிடுகிறது.

அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லி டீலரைக் கேட்டால், "அதுக்கு லைசென்ஸ் தனி சார், தனியா பே பண்ணணும். டிரைவை சென்னை ஆபீசுக்குக் கொண்டு வாங்க" என்றார். காலை ரயிலில் தூக்கிக்கொண்டு போனால், பார்க்கவேண்டிய எஞ்சினியர் லீவு. ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். அதே கனத்தோடு திரும்பி வந்தேன். கிளம்பும் முன் எஞ்சினியரிடமே நேரடியாகப் பேசிவிடுங்கள், ரிசப்ஷனை நம்பாதீர்கள்.

அடுத்த தலைவலி ஹோமிங், அதாவது ஸ்டேஜ் தன் பூஜ்ய இடத்தைத் தேடி நிற்பது. லிமிட் சுவிட்சை வைத்து ஹோம் ஆனதால், பவர் போடும்போதெல்லாம் பூஜ்யம் கொஞ்சம் தள்ளி நின்றது. காகிங் விசை (மோட்டாரின் காந்தம் இரும்பை இழுப்பதால் வருவது) இடத்தைப் பொறுத்தது. பூஜ்யம் நகர்ந்தால் நேற்றுக் கற்றது இன்று பொருந்தாது. இடத்தை அளக்கும் என்கோடரில் இன்டெக்ஸ் பல்ஸ் (பூஜ்யத்தைத் துல்லியமாகப் பிடிக்க உதவும் குறி) இருக்கிறது, ஆனால் டீலர் கொடுத்த கேபிளில் அந்த ஜோடி வயர் இணைக்கப்படவே இல்லை! மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டுக் கண்டுபிடித்தவர் எங்கள் லேப் டெக்னீஷியன் அண்ணன். ஷீல்டு கெடாமல் அவரே சால்டர் வைத்தார். அன்று சாயங்காலம் ஓட்டத்துக்கு ஓட்டம் பிழை இறங்குவதைப் பார்த்தபோது இருவருக்கும் சோறு தண்ணி ஞாபகமே இல்லை.

சில ஓட்டங்கள் இறங்கிய பிழை பிறகு கீச்சென்ற சத்தத்தோடு ஏறினால் கியூ ஃபில்டரின் (கற்கும் சிக்னலில் வேகமான அதிர்வுகளை வடிகட்டுவது) கட்ஆஃபைக் குறையுங்கள். ஏ.சி. போட்ட உடனே அளக்காதீர்கள்: 100 மி.மீ. அலுமினியம் ஒரு டிகிரிக்கு 2.3 மைக்ரான் நீளும், வேலூர் வெயிலைச் சொல்லவேண்டியதில்லை.

கரண்ட் கமாண்ட் உள்ளீடு, என்கோடர் சிக்னல், இன்டெக்ஸ் வயரிங் மூன்றையும் ஸ்பெசிஃபிகேஷனிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது. இன்ஸ்டலேஷன் முடிந்து நாம் கையெழுத்துப் போட்ட பிறகே கடைசித் தவணை என்ற வரியும் பி.ஓ.வில் கட்டாயம் இருக்கட்டும். எங்கள் கைடு அதை விடாப்பிடியாகச் சேர்த்திருந்தார். அந்த வரியைக் காட்டிய பிறகுதான் டீலர் லைசென்ஸைக் காசில்லாமல் போட்டுக் கொடுத்தார், அதுவும் காட்பாடிக்கே ஆளை அனுப்பி.