பத்து மீட்டர் கம்பி எதற்கு? கடலூர் ஆய்வக நாட்குறிப்பு

ஜனவரி 8

செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. பிளஸ் டூ பிள்ளைகளுக்காக மின்னழுத்தமானிப் பலகையை இறக்கி வைத்தேன். ஒரு மீட்டர் கம்பிகள் பத்தைத் தொடராக இணைத்த பலகை; கம்பியின் நீளத்தை வைத்தே மின்கலங்களின் மின்னழுத்தத்தை ஒப்பிடும் கருவி. பார்த்ததுமே ஒருத்தி கேட்டாள்: "மீட்டர் பிரிட்ஜுக்கு ஒரு மீட்டர் கம்பி போதும், இதுக்கு மட்டும் ஏன் மிஸ் பத்து மீட்டர்?" இப்படிக் கேட்கிற பிள்ளையிடம் சூத்திரத்தை எழுதிக் கொடுத்து அனுப்ப மனம் வரவில்லை. நாளை அளந்தே பார்த்துவிடலாம் என்றேன்.

ஜனவரி 9

2 வோல்ட் அக்குமுலேட்டரை (மறுபடி மின்னேற்றக்கூடிய மின்கலம்) முழுக் கம்பிக்கும் இணைத்தோம். டேனியல் மின்கலத்துக்கு 546 செ.மீ.யில் கால்வனோமீட்டர் முள் பூஜ்ஜியத்தில் நின்றது; அதுதான் சமன்செய் நீளம். லெக்லாஞ்சி மின்கலத்துக்கு 733. அப்புறம் நான்காவது கம்பி முடியும் இடத்துக்கு இணைப்பை மாற்றி, 4 மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டோம். 222, 298. இரண்டு முறையும் இரு மின்கலங்களின் நீள விகிதம் 1.34தான்; அதுவே அவற்றின் மின்னழுத்த விகிதம்.

"அப்போ நீளம் எதுவா இருந்தாலும் ஒண்ணுதானே மிஸ்?"

விகிதத்துக்குச் சரி, நுட்பத்துக்குச் சரியில்லை. 2 வோல்ட் பத்து மீட்டரில் பரவினால் சென்டிமீட்டருக்குச் சுமார் 2 மில்லிவோல்ட். நாலு மீட்டரில் 5, ஒரு மீட்டரில் 20. ஜாக்கி (கம்பியைத் தொடும் முனை) ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பட்டால் பத்து மீட்டரில் பிழை 0.2 மில்லிவோல்ட், ஒரு மீட்டரிலோ 2. கம்பி நீள நீள, அதே மின்னழுத்தத்தை இன்னும் பொடியாகப் பிரித்துப் படிக்க முடிகிறது. இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகவே இந்தப் பாடத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நடத்தலாம்.

ஜனவரி 10

அவளே அடுத்ததையும் பிடித்துவிட்டாள். 546இல் பத்தில் நாலு பங்கு 218தான், 222 எப்படி வந்தது?

எங்கள் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 1 ஓம். இணைப்புகளும் அக்குமுலேட்டரின் அகமின்தடையும் சேர்ந்து 0.1 ஓம் இருந்தாலே, 10 ஓமுக்கு முன் அது ஒரு சதவீதம், 4 ஓமுக்கு முன் இரண்டரை. குட்டைக் கம்பிக்குக் கிடைக்கும் பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது, சமன்செய் நீளம் கூடுகிறது. கடற்காற்றில் முனைகள் வேறு கறுத்துக் கிடந்தன. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தபின் 219 வந்தது.

ஜனவரி 11

இன்று இன்னொரு குழுவுக்கு முள் ஒரே பக்கமாகவே ஓடியது. தொடரில் இருக்கும் ரியோஸ்டாட்டை (மாற்றக்கூடிய மின்தடை) 10 ஓம் வரை ஏற்றியிருந்தார்கள். பாதி மின்னழுத்தம் அதிலேயே போய்விட்டது, கம்பிக்கு மிஞ்சியது 1 வோல்ட். டேனியலின் 1.08 வோல்ட்டுக்கு அதில் எங்கே சமன்புள்ளி கிடைக்கும்? பத்து மீட்டருக்குப் பதில் இருபது மீட்டர் போட்டிருந்தால் கிடைத்திருக்கும். தேர்வுக்கு முன் ரியோஸ்டாட்டைப் பூஜ்ஜியத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.