ஃபார்ம்ல 'மற்றவை'ன்னு ஒரு கட்டம் போட்டா போதுமா?

ஆண், பெண், மற்றவை. சர்வேன்னு சொன்னாலே எல்லாரும் இந்த மூணு கட்டத்தைத்தான் போடுறாங்க, எங்க டெலிகிராம் குரூப்ல முதல்ல வந்த டிராஃப்ட்டும் அப்படித்தான். சென்னையில இருக்கிற திருநங்கைகள், திருநம்பிகள் (பிறந்தப்ப பெண்ணுன்னு பதிஞ்சு, ஆணா வாழுறவங்க), கே, லெஸ்பியன், இன்னும் எதுன்னு முடிவு பண்ணாதவங்கன்னு கலவையான குரூப் எங்களோடது, யாருக்கு என்ன ஹெல்ப் தேவைன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆன்லைன் சர்வே. அதுலயே 'மற்றவை'ன்னா எப்படின்னு நான் ஒரு ஆட்டம் ஆடிட்டேன்.

2011 சென்சஸ்ல அந்த 'மற்றவை'தான் இருந்துச்சு. நாடு முழுக்க 4,87,803 பேர், தமிழ்நாட்டுல 22,364 பேர்னு கணக்கு வந்துச்சு. ஆனா சென்சஸ் எடுக்க வர்றவங்ககிட்ட பதில் சொல்றது பெரும்பாலும் குடும்பத் தலைவர்தானே, வீட்ட விட்டு துரத்தின பிள்ளைய பத்தி அந்த அப்பா என்ன சொல்லியிருப்பாரு, உள்ளயே மறைச்சு வாழுற பிள்ளைய பத்தி அவருக்கு என்னதான் தெரிஞ்சிருக்கும்? கட்டமே இல்லன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு திருநங்கை பிரித்திகா யாஷினி கதையே போதும், எஸ்.ஐ. வேலைக்கு அப்ளை பண்ணப்ப அவங்களுக்குன்னு ஃபார்ம்ல இடமே இல்ல, ஹைகோர்ட் போயி 2015ல தீர்ப்பு வாங்கி, 2017லதான் வேலையில சேர்ந்தாங்க.

சரி, கட்டம் போட்டாச்சு, கேள்விய எப்படி கேக்குறது? இங்கிலாந்து, வேல்ஸ்ல 2021 சென்சஸ்ல முதல் தடவையா கேட்டாங்க, நீங்க உணர்ற பாலினமும் பிறந்தப்ப பதிஞ்ச பாலினமும் ஒண்ணுதானான்னு. சுமார் 2,62,000 பேர் இல்லன்னு டிக் பண்ணாங்க. அப்புறம் பாத்தா இங்கிலீஷ் சரியா வராதவங்க நடுவுல அந்த எண்ணிக்கை சந்தேகப்படுற அளவுக்கு அதிகம், கேள்வி புரியாமலே டிக் பண்ணியிருக்கலாம்னு பேச்சு வந்து, 2024ல அந்தப் புள்ளிவிவரத்தோட அந்தஸ்தையே குறைச்சிட்டாங்க. சென்சஸ் எடுக்குற அவ்ளோ பெரிய ஆபீசுக்கே இந்த கதின்னா நம்ம கூகுள் ஃபார்ம் எம்மாத்திரம்.

அதனால தமிழ் ஃபார்ம இங்கிலீஷ்ல இருந்து மொழிபெயர்க்காம தமிழ்லயே எழுதினோம், எழுதி முடிச்சு வடசென்னை அக்கா ஒருத்தங்களுக்கு போன்ல படிச்சும் காட்டினேன். பெண், திருநங்கைன்னு ரெண்டு ஆப்ஷன் வந்ததுமே நிறுத்துன்னுட்டாங்க. "நான் பொம்பளதான் தம்பி, திருநங்கையும்தான், ரெண்டுல ஒண்ணத்தான் தொடணுமா?" உடனே எத்தனை வேணா டிக் பண்ற மாதிரி மாத்தினோம், கூடவே சொந்தமா எழுத ஒரு இடம், 'சொல்ல விருப்பமில்லை'ன்னு ஒண்ணு. (சொந்தமா எழுதுற இடத்துல ஒரு அறிவாளி பாலினம்: பரோட்டான்னு போட்டிருக்கான். அவன் ஒருத்தனுக்காக அந்த இடத்த எடுக்க முடியாது, போகட்டும்.)

'ஆபரேஷன் ஆச்சா'ன்னு ஒரு கேள்வி சேக்கணும்னு ஒருத்தர் விடாப்பிடியா நின்னாரு. எதுக்குங்க? திருநர் உரிமை பத்தின நால்சா வழக்குல 2014லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, அவங்கவங்க பாலினத்த அவங்கவங்கதான் சொல்லணும், அதுக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கணும்னு வற்புறுத்துறது சட்டவிரோதம்னு. அந்த பதில வாங்கி நாம செய்யப்போறதும் ஒண்ணுமில்ல. தூக்கிட்டோம்.

எனக்கு உண்மையிலயே வயித்த கலக்கின இடம் பின்கோடு. யோசிச்சு பாருங்க, திருநம்பி, 24 வயசு, பெரம்பூர் பின்கோடு, ஐ.டி. வேலை. பேரே வேணாம், தெரிஞ்சவன் கண்ணுல பட்டா அஞ்சு நிமிஷத்துல ஆள சொல்லிடுவான், வீட்ல இன்னும் சொல்லாத பையன்னா அவ்ளோதான். அதனால பின்கோடு போயி வடசென்னை, மத்திய சென்னை, தென்சென்னை, புறநகர்னு ஆச்சு, வயசும் பத்து பத்து வருஷமா, வேலைய பத்தி கேக்கவே இல்ல. எந்த கட்டத்துலயாவது அஞ்சு பேருக்கு கீழ வந்தா அந்த நம்பர வெளிய சொல்றதில்லன்னும் முடிவு பண்ணோம். கூகுள் ஃபார்ம்ல ரிசல்ட்ட பதில் சொன்னவங்களுக்கு காட்டுற செட்டிங் ஒண்ணு இருக்கு, அத ஆஃப் பண்ணியே வைங்க. ஒருத்தருக்கு ஒரு பதில்னு வச்சா கூகுள் அக்கவுண்ட்ல லாகின் பண்ண சொல்லும், அத பாத்தே பாதி பேர் ஓடிடுவாங்க, அதனால ஒரே ஆள் ரெண்டு தடவை போட்டாலும் பரவால்லன்னு விட்டுட்டோம். எப்படியும் ஃபார்வர்டு ஆகி போற லிங்க், இத வச்சு சென்னையில இத்தனை சதவீதம்னெல்லாம் யாரும் சொல்ல முடியாது.

18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு கிடையாது. 2023 டேட்டா பாதுகாப்பு சட்டத்துல அவங்க தகவலுக்கு அப்பா அம்மா சம்மதம் வேணும், இந்த விஷயத்துக்கு போயி எந்த பிள்ளை வீட்ல கையெழுத்து கேக்கும்?

எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டு அந்த அக்கா கடைசியா ஒண்ணு சொன்னாங்க, "நான் யாருன்னு ஊருக்கே தெரியும் தம்பி, வாடகைக்கு வீடு கெடச்சுதான்னு கேக்கல பாரு." அத முதல் கேள்வியாக்கி, பாலினத்த கடைசிக்கு தள்ளி, விருப்பப்பட்டா சொல்லுங்கன்னு வச்சோம். வீட்டு கேள்விக்குத்தான் எல்லாரும் பத்தி பத்தியா எழுதியிருக்காங்க, பத்து மாச அட்வான்ஸ் வாங்கிட்டு ஆள பாத்ததும் சாவி தரமாட்டேன்னு சொன்ன ஓனர் வரைக்கும். அத தனி போஸ்ட்டா போடுறேன், 'வெளிய சொல்லலாம்'னு டிக் பண்ணவங்களோடது மட்டும். மத்தவங்ககிட்ட திரும்ப கேக்க வழியில்ல, யாரு ஈமெயிலும் நாங்க வாங்கல.