வலியில்லாத ஊசியா, புதன்கிழமை ஊசியா?

குழந்தைக்கு ஆறு வாரம் நெருங்கும்போதே, அப்போது போட வேண்டிய தடுப்பூசியைத் தனியாரில் போடுவதா, அரசு சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவதா என்று வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பலரும் தனியார் கிளினிக்கில் 'வலியில்லாத ஊசி'தான் போடுகிறார்கள். காய்ச்சல் அவ்வளவாக வராதாம். "பச்சப் புள்ளைய எதுக்கும்மா அழ வெக்கணும்?" என்று அத்தையும் அந்தப் பக்கமே நின்றார்.

எனக்குக் கக்குவான் இருமல்தான் பயம். கைக்குழந்தைக்கு அது வந்தால், பெரிதாக இருமாமலே மூச்சு நின்று நின்று வரலாம். அதனால் கிளினிக் டாக்டரிடமே இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். தான் விற்கும் ஊசி என்று பார்க்காமல் பொறுமையாகச் சொன்னார்.

அரசு போடும் பென்டாவேலன்ட், கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி. அதில் இருப்பது கொல்லப்பட்ட முழு பொர்டெடெல்லா பாக்டீரியா, அதாவது கக்குவான் கிருமி. அதன் மேற்பரப்புப் புரதங்கள் பலவும் குழந்தையின் உடம்புக்கு அறிமுகமாகும். காய்ச்சலைக் கிளப்புவதும் அந்தக் கிருமியின் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள்தான். வலி குறைந்த வகையில், கிருமியின் வீரியம் முறித்த நச்சு, அதன் மேற்பரப்பில் உள்ள பெர்டாக்டின் என்று பொறுக்கியெடுத்த சில புரதங்கள் மட்டுமே. அதிகம் போனால் ஐந்து. தொந்தரவு குறைவு, பாதுகாப்பும் சீக்கிரம் தேயும். அதையே போடும் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் பெர்டாக்டினே இல்லாத கிருமிகள் பெருகிவிட்டன. மச்சத்தைச் சொல்லித் தேடினால் மச்சத்தையே எடுத்துவிட்டு நடமாடும் திருடன் மாதிரி. மற்ற புரதங்களை வைத்து அந்த ஊசி இன்னும் வேலை செய்கிறது என்பதும் உண்மை.

எனக்கு அது போதும். புதன்கிழமை, தாய் சேய் அட்டையோடு மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நல்ல கூட்டம். இடது தொடையில் பென்டாவேலன்ட். கூடவே மற்ற ஊசிகள், சொட்டு மருந்து. அரை மணி நேரம் உட்கார வைத்து, எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் அளவைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது என்றார் நர்ஸ். வீட்டுக்கு வந்ததும் அத்தை ஒத்தடத்துக்குத் துணி எடுத்தார், தடுத்துவிட்டேன். சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி யாரும் தூங்கவில்லை. மறுநாள் தணிந்துவிட்டது.

கக்குவானுக்கான முதல் ஊசிக்கு முன்னால் அந்த ஆறு வாரம் என்ன பாதுகாப்பு என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். கர்ப்பத்தில் 27 முதல் 36 வாரத்துக்குள் டிடாப் (ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்குமான ஊசி) போட்டால் தாயின் எதிர்ப்புசக்தி குழந்தைக்குப் போகும். பெரியவர்களுக்கான அந்த ஊசி பொறுக்கியெடுத்த புரத வகைதான். கர்ப்பிணிகளுக்கு அரசு போடும் டிடியில் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும்தான் மருந்து, கக்குவானுக்குக் கிடையாது, அதனால் நான் வெளியில் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டேன். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.