ஓசி நாய்க்குட்டியும் 150 டாலர் சுமைகூலியும்

சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு எங்க ஆயா அடிக்கடி சொல்லும். எவன்டா அவ்ளோ கேனையா இருப்பான்னு சின்ன வயசுல நினைச்சிருக்கேன். போன மார்ச் மாசம் மினியாபோலிஸ் ஏர்போர்ட் கவுன்டர்ல கிரெடிட் கார்டை நீட்டிக்கிட்டு நிக்கும்போது தெரிஞ்சுபோச்சு, நான்தான்.

ஆரம்பிச்சது காலேஜ் நண்பன் ஒருத்தன். மினசோட்டால, மினியாபோலிஸ் பக்கம் இருக்கான். "மாப்ள, எங்க வீட்டு பீகிள் நாய் அஞ்சு குட்டி போட்டுருக்குடா, அப்பன் யாருன்னு பாத்தா பக்கத்து வீட்டு பூடுல், வேலிக்கு அடியில குழி பறிச்சு வந்துருக்கான், நாலு குட்டிக்கு ஆள் கிடைச்சாச்சு, ஒண்ணு உனக்கு, காசெல்லாம் வேணாம்"னு போன் பண்ணான். நான் பண்ண ஒரே தப்பு, அந்த நேரத்துல கார்ல இருந்தேன், போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு, பின்சீட்டுல ரெண்டு பசங்க இருந்தாங்க. அவ்ளோதான். தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு என் வீட்டம்மா வேற ஒரு போடு போட்டாங்க. இத்தனைக்கும் அவங்க நாய் குலைச்சாலே ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போற ஆளு.

நாங்க இருக்கிறது நியூஜெர்சி எடிசன்ல. கார்ல போய்த் தூக்கிட்டு வரலாம்னா ஒரு பக்கம் மட்டும் 1,200 மைல், வழியெல்லாம் பனி. சரி ஃப்ளைட்டுல சீட்டுக்கு அடியில வெச்சுக் கொண்டாந்துடலாம், சின்னக் குட்டிதானேன்னு ஏர்லைனுக்கு போன் போட்டா, ஆன்லைன்ல டிக்கெட் எடுத்தா மட்டும் போதாது, ஒரு ஃப்ளைட்டுல இத்தனை பிராணிக்குத்தான் இடம்னு கணக்கு இருக்கு, போன்லயே சொல்லி ரிசர்வ் பண்ணனும்னாங்க. பண்ணேன். என் டிக்கெட் 118 டாலர். அவனுக்கு 150 டாலர். எனக்கு சீட்டு, அவனுக்கு சீட்டுக்கு அடியில. இதுக்கு நான் கீழ உக்காந்துக்கிறேன், 32 டாலர் தள்ளிக் குடுங்கன்னு கேக்கணும்போல இருந்துச்சு.

அம்மாகிட்ட வாட்ஸ்அப்ல சொன்னேன். "நாய்க்குட்டியை கேரியர்ல வெச்சு எடுத்துட்டு வரணும்மா." கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "ஏன்டா, டிஃபன் கேரியர்லயா? மூச்சு முட்டாது?" அதுக்கப்புறம் அந்த மெத்து மெத்துன்னு இருக்கிற வலை வெச்ச பைதான் கேரியர்னு வீடியோல காட்டி, அது 55 டாலர்னு வாய் தவறிச் சொல்லி, "உங்க அப்பா முத முதல்ல ப்ளேன் ஏறுறப்போ அவருக்கு 62 வயசுடா"ன்னு ஆரம்பிச்சதும் சிக்னல் சரியில்லன்னு கட் பண்ணிட்டேன்.

போறதுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. நண்பன் வீட்டுல ஒரு ராத்திரி. குட்டிக்கு ஒம்பது வாரம். எட்டு வாரம் ஆகாத குட்டியை ஏத்த மாட்டாங்க, அதனால கணக்குப் பண்ணித்தான் தேதி வெச்சோம். ரெண்டேகால் கிலோ, காது மட்டும் பீகிள், முடியெல்லாம் பூடுல், ஈரத்துல நனைஞ்ச மிதியடி மாதிரி ஒரு கலரு. வெட் டாக்டர் ஹெல்த் சர்டிஃபிகேட் குடுத்துட்டு தெளிவா மூணு விஷயம் சொல்லியிருந்தாங்க. தூங்க வைக்க மருந்தெல்லாம் குடுக்காதீங்க, வானத்துல மூச்சுக்கும் பிரஷருக்கும் ஆபத்து. தடுப்பூசி இன்னும் முழுசா முடியல, மத்த நாய் போற இடத்துல தரையில விடாதீங்க, பார்வோன்னு ஒரு வைரஸ் நோய் தொத்திக்கும். கிளம்புறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடி கொஞ்சூண்டு சாப்பாடு, அதுக்கப்புறம் ஒண்ணும் வேணாம்.

மூணாவதை நான் நண்பன்கிட்டதான் சொன்னேன், அவன் வீட்டுல சொல்லல. காலையில கிளம்புறப்போ பாக்குறேன், தங்கச்சி, அதான் அவன் வொய்ஃப், கண்ணு கலங்கி உக்காந்து, ரெண்டு இட்லியை பால்ல பிசைஞ்சு குட்டிக்கு ஊட்டிக்கிட்டு இருக்கு. "அண்ணா, வெறும் வயித்தோட எப்படிண்ணா ஊருக்கு அனுப்புறது?" என்னத்த சொல்றது. எனக்கும் ஒரு டப்பால தயிர் சாதம், மேல மாவடு ரெண்டு வெச்சு கட்டிக் குடுத்துச்சு. அதை வாங்கி தோள்பையில வெச்சேன். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஏர்போர்ட்டுக்குள்ள நுழைஞ்சதும்தான் கூத்து. நான் அமெரிக்கா வந்து பதினாலு வருஷம். இந்தப் பதினாலு வருஷத்துல எந்த ஏர்போர்ட்டுலயும் முன்பின் தெரியாத ஆளு ஒருத்தரும் என்னைப் பாத்து தானா சிரிச்சதில்ல. செக்யூரிட்டில மட்டும் தவறாம என்னைத் தனியா கூப்பிடுவாங்க, அது வேற பாசம். அன்னிக்கு பாத்தா, நான் ஏதோ நடிகர் மாதிரி. கவுன்டர்ல இருந்த அம்மா எழுந்து வந்து பைக்குள்ள எட்டிப் பாக்குது, பைலட் டிரஸ் போட்ட ஒருத்தர் குனிஞ்சு கொஞ்சுறாரு, ஒரு பாட்டி போட்டோ எடுத்து பேத்திக்கு அனுப்புது. என் மூஞ்சி ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. நான் வெறும் ஸ்டாண்டு.

செக்யூரிட்டில பையை அப்படியே எக்ஸ்ரேல விடக் கூடாது. நாயை வெளிய எடுத்து, காலிப் பையை மட்டும் பெல்ட்டுல போட்டுட்டு, நாயைக் கையில தூக்கிக்கிட்டு மெட்டல் டிடெக்டர் வழியா நடந்து வரணும். கேக்க சுலபமாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடியே என் இடுப்பு பெல்ட்டைக் கழட்டி ட்ரேல போட்டாச்சு, பேன்ட்டு வேற போன வருஷம் டயட் இருக்கேன்னு குறைஞ்ச எடைக்கு முந்தி வாங்குனது. ரெண்டு கையிலயும் நாய். நெளியுது, என் கன்னத்தை நக்குது, பேன்ட்டு மெல்ல மெல்ல எறங்குது. தொடையை இறுக்கி வெச்சுக்கிட்டு பொம்மலாட்ட பொம்மை மாதிரி அந்த வாசலை நான் கடந்து வந்ததைப் பாத்து அங்க நின்ன ஆபீசர், வழக்கமா முறைக்கிற சாதி, "ஓ மை காட்"னு குழந்தைக் குரல்ல பேசுறாரு. என்னோட இல்ல. நாயோட. கையில ஒரு துணி தடவி வெடிமருந்து டெஸ்ட் எடுத்தாங்க, அதுக்கும் அவன் அந்த துணியை நக்கப் பாத்தான்.

ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போக வெச்சிரணும்னு நாய்ங்களுக்குன்னு இருக்கிற ரூமுக்குப் போனேன். செயற்கைப் புல்லு, நடுவுல செவப்பா, தெருவோரத்து தீயணைப்புக் குழாய் மாதிரி ஒரு ஃபயர் ஹைட்ரன்ட் பொம்மை, பக்கத்துல தண்ணிக் குழாய். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்தை நினைச்சு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்திட்டு, டாக்டர் சொன்ன மாதிரி புல்லு மேல ஈரம் உறிஞ்சுற பேடு விரிச்சு அது மேல அவனை எறக்கி விட்டேன். அவன் பனிக்காலத்துல பொறந்தவன். கொல்லையில பனியைத் தவிர வேற ஒண்ணுத்தையும் பாத்ததில்ல. புல்லைப் பாத்து குலைச்சான். ஹைட்ரன்ட்டைப் பாத்து என் ஷூவுக்குப் பின்னாடி ஒளிஞ்சான். இருவது நிமிஷம் "போடா தங்கம், போடா ராஜா"ன்னு கெஞ்சுறேன், ஒரு சொட்டு வரல. கடைசி அழைப்புன்னு மைக்குல சொல்லிட்டாங்க. ஓடுனேன்.

எனக்கு நடு சீட்டு. ஜன்னல் பக்கம் ஒரு வயசான அம்மா, ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு. இந்தப் பக்கம் தொப்பி போட்ட பெரிய ஆளு ஒருத்தர், கையை வெச்சாருன்னா கைப்பிடி ரெண்டும் அவருதுதான். ப்ளேன் ஓடி மேல எழும்பி ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும். கீழ பையில லேசா ஒரு முனகல். அப்புறம் ஒரு சத்தம், அதை எழுத்துல எழுத முடியாது. அப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு வாடை.

பால் குடியை மறந்த குட்டிக்கு மாட்டுப் பால் ஒத்துக்காதுன்னு பின்னாடி படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். அந்த நேரத்துல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சீட் பெல்ட் லைட் எரியுது, எழுந்திரிக்க முடியாது, எட்டாயிரம் அடியில மூணு வரிசைக்கு ஆளுங்க மூக்கைத் திருப்பித் திருப்பிப் பாக்குறாங்க. ஒருத்தரும் கீழ பாக்கல. அவன்தான் எல்லாருக்கும் செல்லமாச்சே. தொப்பிக்காரர் மெதுவா திரும்பி, என் மடியில இருந்த தோள்பையைப் பாத்தாரு. டப்பா மூடி ஓரத்துல மாவடு தண்ணி லேசா கசிஞ்சு பை மேல செவப்பா ஒரு பொட்டு. ரொம்ப மரியாதையா, மனசு நோகக் கூடாதுன்னு, "உங்க லஞ்ச்சா?"ன்னு கேட்டாரு.

இத பாருங்க. இந்த நாட்டுல பொட்டலத்தைப் பிரிச்சா வாசனைக்கு என்ன நினைப்பாங்களோன்னு பதினாலு வருஷமா ஆபீஸ் மைக்ரோவேவ்ல மீன் வெச்சதில்ல, ப்ளேன்ல புளியோதரை பிரிச்சதில்ல, காஞ்ச பிரெட்டைத் தின்னே காலத்தை ஓட்டுனவன் நான். எங்க ஊரு தயிர் சாதத்து மேல இப்படி ஒரு பழியா? எனக்குள்ள எங்கிருந்தோ ஒரு ரோஷம் வந்துச்சு. "இல்ல சார், இது தயிரும் சாதமும், சுத்தமானது, வாடை அங்கிருந்து வருது"ன்னு கீழ கையைக் காட்டி பெத்த புள்ளையைப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்குற மாதிரி புடிச்சுக் குடுத்துட்டேன்.

அவர் குனிஞ்சு பாத்தாரு. அவ்ளோ பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரிச்சாரு. ஜன்னல் பக்கத்து அம்மா ஊசியைக் கீழ வெச்சுட்டு, கைப்பையைத் திறந்து, நம்ம பாட்டிங்க விபூதிப் பொட்டலத்தை எடுக்குற மாதிரி சர்வ சாதாரணமா நாய்க் கழிவு அள்ளுற பை ஒரு ரோல் எடுத்து நீட்டுச்சு. நாலு லேப்ரடார் வளர்த்தவங்களாம், கடைசி நாய் செத்து ரெண்டு வருஷமாச்சாம், பையை மட்டும் இன்னும் எடுக்க மனசு வரலையாம்.

லைட் அணைஞ்சதும் பையோட பாத்ரூமுக்கு ஓடுனேன். ப்ளேன் பாத்ரூம் எவ்ளோ பெருசுன்னு உங்களுக்கே தெரியும், எங்க வீட்டு பீரோ அதை விட விசாலம். குழந்தைக்கு டயபர் மாத்துற பலகையை எறக்கி, பேடு விரிச்சு, அவனை வெளிய எடுத்தேன். வால்ல இருந்து காது வரைக்கும். காதுக்கு எப்படிப் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. இட்லி மட்டும் இட்லின்னு அடையாளம் தெரிஞ்சுது. குழாயை அமுக்குனா தண்ணி வரும், கையை எடுத்தா நின்னுடும். ஒரு கை நாயைப் புடிக்க, ஒரு கை கழுவ, அப்போ குழாயை அமுக்க? முழங்கை. முழங்கையால அமுக்கி, அந்த சொம்பு சைஸ் தொட்டியில ரெண்டேகால் கிலோ நாயைக் குளிப்பாட்டுனேன். வெட் வைப்ஸ் எட்டாவதோட தீந்துச்சு. டிஷ்யூ ஈரத்துல கரைஞ்சு அவன் முடியில சேமியா மாதிரி ஒட்டிக்கிச்சு. வேற வழியில்லாம என் டி-ஷர்ட்டைக் கழட்டித் துடைச்சேன். எல்லாம் முடிஞ்சுதுன்னு பழக்க தோஷத்துல ஃப்ளஷ்ஷை அமுக்கினேன் பாருங்க, அந்த சிங்கம் கர்ஜிக்கிற சத்தம், அவன் ஒரே தாவு, நேரா என் பனியனுக்குள்ள. அவனை வெளிய இழுக்குறேன், அவன் நகத்தால என் வயித்துல கோலம் போடுறான், ப்ளேன் குலுங்குது, சீட்டுக்குப் போங்கன்னு லைட் எரியுது, வெளிய யாரோ கதவைத் தட்டுறாங்க.

கதவைத் திறந்தா ஏர்ஹோஸ்டஸ். பின்னாடி மூணு பேரு கியூ. பனியன் மேல ஜாக்கெட், ஒரு கையில பை, ஒரு கையில முடிச்சுப் போட்ட கவர், தலையில டிஷ்யூ. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசல. உள்ள எட்டிப் பாத்துட்டு, போய் ரெண்டு காபித்தூள் பாக்கெட்டைக் கொண்டாந்து பிரிச்சு பாத்ரூம்ல வெச்சுது. வாடையை இழுத்துருமாம். திரும்பி வரப்போ தொப்பிக்காரர் எழுந்து நின்னு கை தட்டுனாரு, ரெண்டு வரிசை சேர்ந்து தட்டுச்சு.

அதுக்கப்புறம் அவன் வயிறு காலி, மனசு லேசு, நல்ல தூக்கம். எறங்குறப்போ மட்டும் காதை அடைச்சு சிணுங்குனான், ஜிப்பை ரெண்டு விரக்கடை திறந்து சுண்டு விரலைக் குடுத்தேன், நியூவர்க் ஏர்போர்ட் வரைக்கும் கடிச்சுக்கிட்டே வந்தான். தயிர் சாதம் டப்பா திறக்கவே இல்ல. பசி போயிருந்துச்சு.

நியூவர்க்ல வெளிய வந்தா கார் நிக்குது, பசங்க கத்துற கத்துல போலீஸ்காரர் திரும்பிப் பாக்குறாரு. ரெண்டு பேரும் பையைப் பிடுங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. நாயைப் பாத்தா ரோட்டைக் கடக்குற வீட்டம்மா வலை வழியா ஒரு விரலை நீட்டி, அவன் நக்குனதும் வெடுக்குன்னு எடுத்து, திரும்ப நீட்டுனாங்க. வண்டி ஹைவே ஏறி ஹீட்டர் சூடாச்சு. வீட்டம்மா மூக்கை உறிஞ்சுனாங்க. ஜன்னலை இறக்குனாங்க. திரும்ப உறிஞ்சுனாங்க.

"ஏங்க, என்னமோ ஒரு மாதிரி வாடை வருதே. குட்டி ஏதாச்சும் பண்ணி வெச்சிருச்சா? இப்பவே சொல்லுங்க, அப்படின்னா நான் வீட்டுக்குள்ள விட மாட்டேன்."

பின்சீட்டுல ரெண்டு பசங்களும் மூச்சு விடாம என்னைப் பாக்குறாங்க. நான் தோள்பையை மெதுவா காலுக்குக் கீழ தள்ளுனேன்.

"சேச்சே, அவன் தங்கம். தங்கச்சி தயிர் சாதம் கட்டிக் குடுத்துச்சு, அது கெட்டுப்போச்சு போல."