வில்லங்கத்தை விலைக்கு வாங்குகிறவர்கள்

பெருங்குடியில் ஒரு ஆபீஸில் எனக்கு இரவு ஷிப்ட். அமெரிக்க நிலப் பத்திரங்களைப் படித்து, அடமானம், வரி பாக்கி, வழக்கு ஏதாவது ஏறியிருக்கிறதா என்று குறிப்பு எழுதவேண்டும். நம்மூர் பாஷையில் சொன்னால் வில்லங்கம் போட்டுப் பார்க்கிற வேலை.

போன மாதம் கொலராடோ மாட்டுப்பண்ணை ஒன்றின் பத்திரம் வந்தது. இரண்டு செக்‌ஷன் நிலம். ஒரு செக்‌ஷன் என்றால் 640 ஏக்கர். அதில் ஒரு வில்லங்கம். ஏற்றியவரே சொந்தக்காரர்தான்! இந்த நிலத்தைக் கூறுபோட்டு மனையாக்கக் கூடாது, நானும் சரி, எனக்குப் பின்னால் வாங்குகிறவனும் சரி, என்றைக்கும். வீடு கட்ட மட்டும் ஐந்து ஏக்கரைத் தனியே வரைந்து காட்டியிருந்தார். மற்றபடி மாடு மேய்க்கலாம், புல் அறுக்கலாம், கொட்டகை போடலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். பாசனத் தண்ணீரையும் நிலத்தோடு கட்டிப்போட்டிருந்தார். அங்கே தண்ணீர் உரிமையைத் தனியாகப் பிரித்து விற்றுவிட முடியும்.

கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட் என்று பெயர். ஈஸ்மெண்ட், அதாவது அடுத்தவர் நிலத்தின்மேல் நமக்கு இருக்கும் பாத்தியம், நமக்கும் பழசுதான். 1882 சட்டம் முதலில் அமலான இடங்களில் மதராஸ் மாகாணமும் உண்டு. ஆனால் நம் வண்டிப்பாதை பாத்தியமெல்லாம் பக்கத்து நிலத்துக்காரருக்குக் கிடைப்பது. அமெரிக்க மாநிலங்கள் சட்டம் போட்டு, பக்கத்தில் நிலம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டன. பக்கத்தில் ஒரு சென்ட்கூட இல்லாத அறக்கட்டளை அந்த உரிமையை வைத்துக்கொண்டு, வருடத்துக்கொரு முறை ஆள் அனுப்பிப் பார்க்கும். கொலராடோ மாட்டுப்பண்ணைக்காரர்களின் சங்கமே 1995-ல் அப்படியொரு அறக்கட்டளை தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கம் போனபோது பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். ஒரு காலத்தில் 11 மாடு வைத்திருந்தவர். மடிப்பாக்கம் வரை சைக்கிளில் பால் ஊற்றியவர்.

"சும்மாவா எழுதிக் குடுப்பான்?"

சும்மா இல்லை. மனையாக விற்றால் என்ன விலை, மேய்ச்சல் நிலமாகவே இருந்தால் என்ன விலை என்று மதிப்புப் போடுவார்கள். அந்த வித்தியாசத்துக்குச் சில இடங்களில் பணம் கிடைக்கும். தானமாகக் கொடுத்தால் வரிக் கழிவு. விவசாய வருமானத்தில் வாழ்கிறவர் வருமானம் முழுவதற்கும் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தை இன்னும் 15 வருடம் தள்ளிக்கொண்டு போகலாம். இதை வைத்து மதிப்பை ஊதிக் காட்டிய முதலீட்டுக் கும்பல்களும் முளைத்தன. 2022-ல் அதற்குத் தனியாகக் கடிவாளம் போட்டார்கள்.

"அங்கயும் புரோக்கர் கீறானா!" பெரியப்பாவுக்கு ஏக சந்தோஷம்.

அவர் நிலம் ஒன்றேகால் ஏக்கர். 1996-ல் கலர் கல் நட்டு மனை போட்டாயிற்று. அன்றைக்கு இப்படியொரு பத்திரம் இருந்திருந்தால் என்று இழுத்தேன்.

"போடா. மாடு என் நிலத்துலயா மேஞ்சுது? மேய்க்கால் பொறம்போக்குல, ஏரி உள்வாயில. அதுல வீடு வந்துடுச்சு. மாடு எங்க போவும்? மாட்டை வித்தப்புறந்தான் நிலத்தை வித்தேன்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. புறம்போக்குக்கு யார் போய்க் கையெழுத்துப் போடுவது?

கிளம்பும்போது வாசலில் நிறுத்திக் கேட்டார்: "அந்தாளு புள்ளைங்க கையெழுத்துப் போட்டாங்களா?"

மறுநாள் ஷிப்டில் மறுபடி திறந்து பார்த்தேன். கணவன், மனைவி, இரண்டே கையெழுத்து.